சூடாறாமல் போய்ச் சேர்ந்த சொதி

என் கல்யாணத் தரகிக்கு,

இன்று பஸ்ஸில் என் மடியில் உன் சாப்பாட்டுப் பெட்டி இருந்தது. மூடியை எவ்வளவு இறுக்கினாலும் தேங்காய்ப்பால் சொதியின் வாசம் அடங்காது என்பது உனக்குத் தெரியும். முன் ஆசனத்து டேனிஷ் கிழவர் இரண்டு தரம் திரும்பிப் பார்த்துவிட்டார். அந்த நேரம் பஸ் எல்லைக்கு முந்திய தரிப்பிடத்தைக் கடந்து ஜேர்மனிக்குள் போனது. நீ இருந்திருந்தால் கைதட்டியிருப்பாய். உனக்காக நான் மெல்லத் தட்டினேன்.

அந்த இடைவெளியை மறக்க முடியுமா? முன்பெல்லாம் நம் பக்கத்து பஸ் எல்லைக்கு இப்பாலே திரும்பிவிடும். அவர்களுடையது அப்பாலே திரும்பிவிடும். நடுவில் நடைபாதை இல்லாத வீதியில் அரை மணி நேர நடை. எல்லைக்கு அப்பால், ஜேர்மன் பக்கத்தில், பார்வை மங்கிய உன் அக்கா தனியாக இருந்தார். நீயோ கார் ஓட்டும் பரீட்சையில் ஐந்து முறை தோற்றவள். சனிக்கிழமைதோறும் பெட்டியோடு நடந்தாய். "நடக்கிறது பிரச்சினையில்லை. போய்ச் சேரேக்கை சோறு கல்லாக் கிடக்குது. அவவுக்கு ஒரு நாளாவது சுடச்சுடக் குடுக்கோணும்" என்பாய். இக்காஸ்ட் ஊர்த் தையல் ஆலையில் ஒரே ஷிப்டில் நின்ற காலந்தொட்டு உன்னை அறிவேன். வேறெதற்கும் நீ அப்படி ஏங்கியதில்லை.

ஆலையை விட்டபின் எனக்கு எல்லையோரக் கொம்யூன் அலுவலகத்தில், அதாவது டேனிஷ் ஊராட்சியில், வேலை. எல்லையின் இரு பக்க உள்ளூராட்சிகளும் சேர்ந்து செய்யும் திட்டங்களுக்கு ஐரோப்பிய நிதி கிடைக்கும். அந்த விண்ணப்பங்கள் என் மேசைக்கு வரும். இரண்டு பக்கமும் ஒன்றாகக் கையெழுத்திட வேண்டும் என்பது நிபந்தனை. பஸ் திட்டம் அங்கேதான் சிக்கியது. அவர்கள் கேட்டால் பார்க்கலாம் என்றார் என் மேலதிகாரி. டேனிஷ்காரர் கேட்டால் யோசிக்கலாம் என்று எழுதினார் அந்தப் பக்கத்துப் போக்குவரத்து அதிகாரி அம்மா. நான் மரியாதையாகக் கடிதம் மேல் கடிதம் எழுதி ஒரு வருடத்தைத் தொலைத்தேன். விண்ணப்பத்தின் கடைசி நாள் நெருங்கியபோது உன் சமையலறையில் வந்திருந்து அழுதேன்.

நீ வெங்காயம் வெட்டுவதை நிறுத்தவில்லை.

"எடியே, இது சம்பந்தம் பேசுற வேலையெல்லோ! ரெண்டு வீட்டுக்கும் விருப்பம். முதல்ல வாய் திறந்தா மதிப்புக் குறைஞ்சுபோமெண்டு நிக்கினம். இதுக்கேன் கடிதம்?"

இரண்டு நாட்டுக்கும் இடையில் எத்தனையோ கல்யாணம் பொருத்தியவள் நீ. எனக்குக் கொண்டுவந்த மூன்று வரன்களைப் பற்றி இங்கே பேச வேண்டாம். பெண் வீடும் வேண்டாம், மாப்பிள்ளை வீடும் வேண்டாம், முதல் சந்திப்பு பொது இடத்தில் தற்செயல்போல நடக்க வேண்டும் என்பது உன் சட்டம். அந்தச் சனிக்கிழமை எல்லையருகே நம் தமிழ்க் கழகத்தின் உதைபந்தாட்டப் போட்டி. என் மேலதிகாரியையும் அந்த அதிகாரி அம்மாவையும் அங்கே அழைக்கச் சொன்னாய்.

"அது டென்மார்க் மண்ணெல்லோ?" என்று கேட்டேன்.

"கொத்துரொட்டி போடுற இடம் அவையின்ர வீடில்லை, எங்கட வீடு."

இருவரையும் ஒரே வாங்கில் இருத்தினாய். உறைப்பில் இருவருக்கும் மூக்கு ஒழுகியது. பஸ்ஸைப் பற்றி ஒரு சொல் இல்லை. அப்போது நீ எழுந்தாய். "அக்காவுக்குச் சாப்பாடு கொண்டுபோறன், நீங்களும் வாங்கோவன்" என்று உன் அரைகுறை டேனிஷில் கூப்பிட்டு, என் மேலதிகாரியின் கையில் சோற்றுப் பெட்டியையும் அந்த அம்மாவின் கையில் சொதிப் பாத்திரத்தையும் திணித்தாய். பிறகு எப்படி மறுப்பது?

வழியில் மழை பிடித்தது. லொறிகள் சேற்றை வாரியடித்தன. என் மேலதிகாரியின் காற்சட்டை முழங்கால்வரை நனைந்தது. அந்த அம்மா பாத்திரத்தை மேலங்கிக்குள் அணைத்துக்கொண்டு நடந்தார். அப்படியும் போய்ச் சேர்ந்தபோது சொதி பச்சைத் தண்ணீராய் ஆறியிருந்தது.

வந்திருப்பவர்கள் யார் என்று நீ சொன்னதும் உன் அக்கா ஜேர்மன் மொழியில் நேரே கேட்டார்: "அப்ப பஸ் எப்ப வரும்?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "வரும்" என்றார் என் மேலதிகாரி. "சேர்ந்து கேட்போம்" என்றார் அந்த அம்மா, அதே மூச்சில். யார் முதல் வாய் திறந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நீ என் இடுப்பில் கிள்ளியது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

"ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் செய்விக்கிறதெண்டுவினம். இதுக்கு நான் ஒரு பொய்யும் சொல்லேல்லை, எழுதி வை" என்றாய் திரும்பும் வழியில். எழுதி வைத்துவிட்டேன், பார்.

நிதி கிடைத்தது. முதல் ஓட்டத்தில் நீ பட்டுச்சேலையில் முன் ஆசனத்தில் இருந்தாய். மேயர்கள் இருவரும் உனக்குப் பின்னால். இரண்டு குளிர்காலம் அப்படி ராணியாகப் போய்வந்தாய். இந்த வசந்தத்தில் எங்களை விட்டுப் போனாய். உன் செத்தவீட்டுக்கு அந்த அதிகாரி அம்மா உன் அக்காவைக் கைபிடித்து அந்த பஸ்ஸிலேயே கூட்டிவந்தார்.

ஐரோப்பிய நிதி இந்த மாதத்தோடு முடிகிறது. பஸ் நின்றுவிடுமோ என்று பயந்து கிடந்தேன். ஆனால் இந்த முறை நான் கடிதம் எழுதவில்லை. இருவரையும் உன் அக்கா வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன். நேற்று முடிவு வந்துவிட்டது. இனி இரண்டு ஊராட்சிகளும் தங்கள் செலவிலேயே பஸ்ஸை ஓட்டும், நிரந்தரமாக! வென்றுவிட்டோமடி.

இதை அக்கா வீட்டு மேசையிலிருந்துதான் எழுதுகிறேன். கதவைத் திறந்ததும் அவர் வழக்கம்போலப் பெட்டியின் அடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"கை சுட்டுப்போச்சடி!" என்று கையை உதறிக்கொண்டு சிரித்தார்.