பின்லாந்தும் போர்ச்சுகலும்

அத்தாவுக்கு ஷஹீமாவோட ஸலாம். மூட்டுவலி குறைஞ்சிருக்கா? மாத்திரையை விட்டுடாதீங்க.

இங்க அமெரிக்காவுல, பிஸ்கட்டவேயில நான் நல்லாத்தான் இருக்கேன். பள்ளிக்கூடங்களுக்கு பின்லாந்து அரசாங்கம் எவ்வளவு செலவு பண்ணுது, போர்ச்சுகல் எவ்வளவு பண்ணுதுன்னு ஆராய்ச்சி பண்ணிட்டிருந்தேன்ல, அதுக்கு வந்துட்டிருந்த பணத்தை நிறுத்திட்டாங்களாம். புரொபசர் மெயில் போட்டார். அடுத்தவங்க படிப்புச் செலவை ஒப்பிட்டுட்டிருந்தவளோட படிப்புக்கே காசில்ல, சிரிப்பா இல்ல?

மறுநாளும் லைப்ரரிக்குப் போய் போர்ச்சுகல் பகுதியை எழுதி முடிச்சேன். யாரும் படிக்கப்போறதில்ல. வேற எங்க போறதுன்னு தெரியல அத்தா.

அம்மாகிட்ட பருப்புப்பொடி அனுப்ப வேண்டாம்னு சொல்லுங்க. ஸ்டாப்புல நின்னுதான் இதை எழுதுறேன், பஸ் வந்துடுச்சு. மாடியில என் ரூமை வாடகைக்கு விடப்போறதா சொன்னீங்களே, இப்போதைக்கு யாருக்கும் விட்டுடாதீங்க.

ஷஹீமா