ஐஸ் பேக்டரி வழியாகக் கலங்கரை விளக்கம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் வயிற்றிலிருக்கும் பிள்ளையும் அதைவிடச் சுகமாக இருக்க வேண்டும். கால் வீக்கம் வடிந்ததா, உட்காரும்போது முக்காலியில் தூக்கி வைத்துக்கொள்கிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள். எங்களை அழைத்துப் போக மாப்பிள்ளையே புறப்பட்டு வருவதாக நீ போனில் சொன்னதிலிருந்து எனக்கு மனம் சரியில்லை. இருக்கிற விடுப்பை எங்களுக்குச் செலவழித்துவிட்டால் பிள்ளை பிறந்தபின் உன் பக்கத்தில் யார் இருப்பது? ஆனால் வர வேண்டாம் என்று சொல்லவும் எனக்குத் துணிவில்லை. நடுவில் விமானம் மாற வேண்டும், அங்கே ஆங்கிலத்தில்தான் வழி கேட்க வேண்டும். ஆங்கிலத்தில் எத்தனையோ படித்திருக்கிறேன், வாய் திறந்து பேசியது குறைவு. நம் பேச்சிலேயே நான் யாரிடமும் வழி கேட்டவனில்லை. அம்மா கேட்பாள், நான் பின்னால் நின்று சுவரில் ஒட்டியதைப் படிப்பேன்.

அதனால் ஓர் ஒத்திகை பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். தெரிந்தவர் எவரும் இல்லாத ஒரு சின்னக் கடற்கரை நகரத்துக்குப் போய் இருவரும் இரண்டு நாள் சுற்றிப் பார்ப்பது, கேட்பதெல்லாம் நான், அம்மா வாய் திறக்கக் கூடாது. முதல் நாள் பழைய கோட்டையையும் கடற்கரையையும் பலகைகளைப் படித்தே பார்த்து முடித்தேன், யாரையும் கேட்கவில்லை, அதையே வெற்றி என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் கழிமுகத்துக்கு அப்பால் இருக்கும் கலங்கரை விளக்கத்துக்குப் போகத் துறைக்கு வந்தால் இரண்டு படகுகள், பலகை இல்லை. கூட்டம் ஏறியதில் நானும் ஏறினேன். எல்லோர் மடியிலும் காலிக் கூடை. அம்மா என்னையும் கூடைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். இறங்கினால் எதிரே ஐஸ் பேக்டரி, பாளம் பாளமாக ஐஸ் சறுக்கி விழுகிறது, தரையெல்லாம் மீன் செதில். உனக்கு முன்னாலேயே தெரியுமா என்று கேட்டேன். "கூடையப் பாத்ததுமே தெரியும், நீங்கதான வாயத் தைச்சு விட்டீங்க" என்றாள். அடுத்த படகில் திரும்பிவிடலாம் என்றுதான் தோன்றியது. பிறகு ஆஸ்பத்திரியில் உன் கட்டிலருகே காலியாகக் கிடக்கப்போகும் நாற்காலியை நினைத்தேன். ஐஸ் உடைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் போய்க் கலங்கரை விளக்கத்துக்கு வழி கேட்டேன், அவர் காதில் விழவில்லை, மறுபடி கேட்டேன். "சுத்திப் பாக்க வந்தீங்களா பெரியவரே? இங்க ஐஸும் மீனும்தான், நல்லாப் பாத்துக்குங்க, டிக்கெட்டு கிடையாது" என்று அவர் சொல்ல, அங்கிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள், எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கடலை இடது கைப்பக்கம் வைத்துக்கொண்டே மணல் மேட்டில் நடங்கள் என்று அவரே வழியும் காட்டினார்.

கலங்கரை விளக்கத்தின் உச்சியிலிருந்து பார்த்தால் ஊர் முழுவதும் ஒரு தாம்பாளத்தில் அடங்கிவிடும் போலிருந்தது, ஐஸ் பேக்டரியின் தகரக் கூரைகூடப் பளபளத்தது. வாயில் சூடு இருக்கும்போதே பேசிவிட வேண்டும் என்று, அங்கே நின்ற வெளிநாட்டுக் கணவன் மனைவியிடம் பாலம் சுற்றி ஊருக்குத் திரும்பிப் போகும் பஸ் எங்கே நிற்கும் என்று ஆங்கிலத்தில் கேட்டேன். எனக்குத் தெரியும், படி ஏற வரும்போதே பார்த்திருந்தேன், பழகிக்கொள்ளத்தான் கேட்டேன். அவர்களுக்கோ தெரியவில்லை, அவர்களும் அதைத்தான் தேடிக்கொண்டிருந்தார்களாம். வேறென்ன செய்வது, நானே முன்னால் நடந்து அழைத்துப் போய் ஏற்றிவிட்டேன். "வழி கேக்கப் போன மனுசன் வழி காட்டிட்டு வர்றாரு" என்று அம்மா பஸ் முழுக்கச் சொல்லிச் சிரித்தாள், அதற்குள் அவள் வாய்ப்பூட்டைக் கழற்றிவிட்டேன்.

ஆகவே மாப்பிள்ளை வர வேண்டாம். நாளைக்கே டிக்கெட் எடுக்கிறேன். பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன், அதையும் கூட்டிக்கொண்டுதான் வருகிறேன். விமானம் மாறும் இடத்தில் தவறான வாசலில் போய் நின்றாலும் நிற்பேன், கேட்டுத் திருத்திக்கொள்வேன். நல்லபடியாகப் பிள்ளை பெற்று, நீயும் பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக வாழ எங்கள் இருவரின் ஆசிகள். காலைத் தூக்கி வைத்துக்கொள்ள மறவாதே. விமான நிலையத்துக்கும் மாப்பிள்ளையை அனுப்பாதே, உன்னோடு வீட்டில் இருக்கட்டும். அங்கிருந்து உன் வீட்டுக்கு வழி நான் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா