ஓடையில் கிடந்த மட்டை

ஆகஸ்ட் 12, ஞாயிறு

இன்று ஆராதனையில் என் தென்னந்தோப்பின் பெயரை வாசித்தார்கள். இன்று முதல் டிசம்பர் நடு வரை அது சாசித் தடைக்குள். சபை ஜெபம் பண்ணி மூடிவிட்டது, இனி சபை ஜெபம் பண்ணித்தான் திறக்க வேண்டும். அதுவரை யாரும் காய் பறிக்கக்கூடாது, தானாக விழுந்ததைப் பொறுக்கவும் கூடாது. சொந்தக்காரியான எனக்கும் அதேதான். மீறினால் வயிறு வீங்கும் என்று ஊர் சொல்லும். போதகர் அப்படிச் சொல்வதில்லை, இல்லை என்றும் சொல்வதில்லை.

கேட்டுப் போட்டது நான்தான். பல மாதமாகக் காய் குறைந்துகொண்டே வருகிறது. யார் கை என்று எனக்குத் தெரியும். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் என் தம்பி நத்தானியேல் குடும்பம். அவன் பெண்டாட்டி டோர்ச்சே தேங்காய் மிட்டாய் செய்து படகுத்துறையில் விற்கிறாள். அப்பா பிரித்துக் கொடுத்ததில் அவர்கள் பங்கில் பட்டுப்போனது போக ஆறு மரம் மிச்சம். ஆறு மரத்தை வைத்துக்கொண்டு தினம் இரண்டு தட்டு மிட்டாயா? ஜூனில் நேராகவே கேட்டேன். அன்றிலிருந்து பேச்சு இல்லை.

சாசி ஜெபத்தின்போது கண்ணைத் திறந்து டோர்ச்சேயைப் பார்த்தேன். அவள் கண்ணும் திறந்துதான் இருந்தது.

முழங்கால் வலி. மழை விடவில்லை.

ஆகஸ்ட் 13, திங்கள்

ஐந்து மணிக்கு எழுந்தேன். ஜெபமேசையின் வெள்ளைத் துணியைத் தட்டி விரித்து, வெள்ளைத் தட்டில் காசு ஒன்று போட்டு, ஒரு பாட்டு, ஒரு அதிகாரம், ஜெபம். நாற்பது வருஷமாக இதே வரிசை. வீட்டுக்காரர் போய் ஆறு வருஷமாகத் தனியாகச் செய்கிறேன். இப்போதெல்லாம் வாய் சொல்கிறது, மனசு அடுப்பில் இருக்கிறது. கர்த்தருக்கும் சலித்திருக்கும்.

முன்பெல்லாம் நான் முதல் அடி பாடி முடித்ததும் சுவருக்கு அப்பாலிருந்து நத்தா இரண்டாம் அடியில் சேர்ந்துகொள்வான். சின்ன வயசிலிருந்தே சோம்பேறி, முதல் அடிக்குள் எழுந்ததே இல்லை. ஜூனிலிருந்து நான் முழுப்பாட்டையும் முடிக்கும்வரை காத்திருந்து, பிறகு தனியாக ஆரம்பிக்கிறான். அதே பாட்டை.

ஆகஸ்ட் 15, புதன்

ஜெபக்கூட்டம் என் வீட்டு முறை. பதினோரு பேர் வந்தார்கள், டோர்ச்சே வரவில்லை. காலையிலிருந்து நிற்க நேரமில்லை. மரவள்ளிக்கிழங்கைத் துருவி வைத்துவிட்டுப் பார்த்தால் வீட்டில் இருந்த தேங்காயில் ஒன்று அழுகல். மழையில் ஊற்றுக்குப் போய்த் துணி அலசிவிட்டுத் திரும்பும்போது காலில் ஒன்று இடறியது, அதை எடுத்து வந்து உரித்துத் துருவிப் போட்டேன். பணியாரம் நன்றாக வந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். மூப்பர் சகாரியாஸ் ஐந்து தின்றார், ஆறாவதைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். அவர்தான் ஜெபமும் பண்ணினார், நீளமாக. நான் நடுவில் தூங்கிவிட்டேன்.

ஆகஸ்ட் 18, சனி

பிடித்துவிட்டேன்.

இரண்டு வீட்டுக்கும் பொதுவான பின் ஓடையில் தேங்காய் மட்டை. உரித்து மூன்று நாள்கூட ஆகியிருக்காது. சாசி போட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள்! அப்படியே எடுத்துக்கொண்டு மூப்பர் வீட்டுக்குப் போனேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மட்டையில யார் பேரும் எழுதல மினா. அவங்க மரத்துக் காயா இருந்தா?"

"அவங்க ஆறு மரமும் குட்டைக் காய். இது என் தோப்புக் காய்தான். எங்க ஓடையில வேற யாரு வந்து போடுவாங்க?"

"சரி, வச்சுட்டுப் போ. நாலு பேருக்குச் சொல்லாத."

நான் யாருக்கும் சொல்லவில்லை. அவர் மனைவி அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள், அது போதும்.

செப்டம்பர் 2, ஞாயிறு

நத்தாவுக்கு உடம்பு சரியில்லை. கோயிலில் கிசுகிசு. வயிறாம்.

செப்டம்பர் 6, வியாழன்

இன்று கிணற்றடியில் பார்த்தேன். சட்டைப் பொத்தான் போட முடியாத அளவு வயிறு. கை கால் குச்சி. பக்கத்தில் நின்ற பெண்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். அவன் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான். நான் வாளிக்குள் பார்த்துக்கொண்டேன்.

நான் நினைத்தது சரிதான் என்று ஆகிவிட்டது. ஏன் சாப்பாடு இறங்கவில்லை?

செப்டம்பர் 14, வெள்ளி

அம்போன் நகர ஆஸ்பத்திரிக்குப் படகில் போய்வந்தார்களாம். ஈரல், பல வருஷத்து நோய் என்றாராம் டாக்டர். ஊரில் யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. ஈரலுக்கு இத்தனை வருஷம் இல்லாத அவசரம் சாசி போட்ட மாதத்தில் எப்படி வந்தது என்று கேட்கிறார்கள். டோர்ச்சேயின் மிட்டாய்த் தட்டு படகுத்துறையிலிருந்து போனபடியே திரும்பி வருகிறது. திருட்டுத் தேங்காய் மிட்டாயைத் தின்றால் தின்றவன் வயிறும் வீங்குமாம்.

செப்டம்பர் 23, ஞாயிறு

அக்டோபர் 7 திருவிருந்து, அப்பமும் ரசமும் வாங்கும் நாள் என்று அறிவித்தார்கள். அதற்கு முந்தின வாரம் மூப்பர் வீடு வீடாக வருவார். வீட்டில் சமாதானமா, யாரோடாவது மனத்தாங்கல் உண்டா என்று கேட்பார். சமாதானம் இல்லாதவர்கள் திருவிருந்து மேசைக்குப் போகக்கூடாது.

நத்தாவிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டார்களாம், சாசியை மீறியதை ஒப்புக்கொண்டு ஜெபம் பண்ணிக்கொண்டால்தான் மேசையில் இடம் என்று. அவன் "நான் எடுக்கல" என்று மட்டும் சொன்னானாம். வேறு யார் எடுத்தது என்று கேட்டதற்கு வாயே திறக்கவில்லையாம். அப்பாவின் பிடிவாதம்.

கிறிஸ்துமஸ் திருவிருந்துவரை இருப்பானா என்று டாக்டருக்கே சந்தேகமாம். அப்படியானால் இதுதான் அவனுக்குக் கடைசி. ஒப்புக்கொண்டால் என்ன? ஒரு தேங்காய்தானே.

அக்டோபர் 2, செவ்வாய்

ஒவ்வொரு திருவிருந்துக்கு முன்பும் போன திருவிருந்து முதல் எழுதியதை உட்கார்ந்து படிப்பேன். இந்த நோட்டு வைத்திருப்பதே அதற்காகத்தான். எங்கே கோபப்பட்டேன், எங்கே பொய் சொன்னேன் என்று பார்த்து, ஜெபமேசை முன்னால் சொல்லிவிட்டுப் போவது வழக்கம். இன்று காலை அடுப்பு மூட்டுமுன் அதைச் செய்தேன்.

ஆகஸ்ட் 15.

நான்கு தடவை படித்தேன். என் கையெழுத்துதான். காலில் இடறியது, எடுத்து வந்து உரித்தேன். ஊற்றுப் பாதை தோப்பு வழியாகத்தான் போகிறது. வேறு எதில் இடறியிருப்பேன்? உரித்த மட்டையை எங்கே போட்டேன்? எப்போதும் போடுகிற இடத்தில். ஓடையில்.

என் மட்டையை நானே தூக்கிக்கொண்டு போய் மூப்பரிடம் கொடுத்திருக்கிறேன். அந்தத் தேங்காயில் ஐந்து பணியாரம் தின்ற மூப்பரிடம்!

கடவுளே, எனக்கு ஞாபகமே இல்லையே. நிஜமாவே இல்ல. குனிஞ்சேன், எடுத்தேன், அவ்வளவுதான். நாப்பது வருஷமா எடுத்த கை. யோசிக்கல. நான்தான் பூட்டச் சொன்னேன், எனக்கும் சேத்துதான் பூட்டுன்னு அன்னிக்கே எழுதியும் வச்சிருக்கேன்.

வயிறு எனக்கல்லவா வீங்கியிருக்க வேண்டும்?

அந்தப் பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போட்டால் யாருக்குத் தெரியும்? இதை எழுதுகிற இப்போதும் அந்த யோசனை இருக்கிறது. அதையும் எழுதி வைக்கிறேன்.

அக்டோபர் 3, புதன்

மூப்பர் வந்தார். குடையை மடித்துக்கொண்டே வழக்கமான கேள்வி.

"வீட்ல சமாதானமா மினா?"

"இல்ல" என்றேன். நோட்டை விரித்து அவர் கையில் கொடுத்தேன். கண்ணாடியைத் தேடி எடுத்து, எழுத்துக்கூட்டிப் படித்தார். படித்து முடித்தும் குனிந்தே இருந்தார். ஆறாவது பணியாரம் நினைவு வந்திருக்கும்.

"இதை என்கிட்ட சொன்னா போதாதே" என்றார்.

தெரியும். எங்கள் வழக்கத்தில் குற்றம் செய்தவர் யாருக்குச் செய்தாரோ அவர் வீட்டு ஜெபமேசை முன்னால் நின்று சொல்ல வேண்டும். நாலடி தூரம்தான். ஜூனுக்குப் பிறகு அந்த வாசலை மிதிக்கவில்லை. டோர்ச்சே கதவைத் திறந்தாள்.

"வாங்க. தோப்பைப் போட்டாச்சு. மிச்சம் இருக்குற வீட்டையும் சாசியில போட்டுட்டுப் போலாம்னு வந்தீங்களா?"

நேரே மேசை முன்னால் போய் நின்றேன். நத்தாவைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அப்பாவின் பழைய வெள்ளைத் தட்டு அவன் வீட்டில்தான் இருக்கிறது, விளிம்பு உடைந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். என்ன சொன்னேன் என்று வரிசையாக எழுத வரவில்லை. மழை, துணி, தேங்காய், மட்டை.

நத்தா சொன்னான், "தெரியும்க்கா."

"என்ன தெரியும்?"

"அடுப்படி ஜன்னல்லேந்து பாத்தேன். தலையில துணிக்கூடை, மழை. குனிஞ்சு எடுத்த. உனக்கு முட்டி வலிக்குதேன்னுதான் நெனச்சேன். சாசி ஞாபகமே எனக்கும் அப்புறம்தான் வந்துச்சு."

டோர்ச்சேக்கு வந்த கோபத்தை எழுத முடியாது. "தெரியுமா? தெரிஞ்சுகிட்டா வாயில பப்பேடாக் கூழ வச்சுட்டு உக்காந்திருந்த? ஒரு மாசமா என் மிட்டாய நாய்கூட மோந்து பாக்கல! ஏன்யா சொல்லல?"

"சொன்னா அக்காவுக்கு வீங்கிட்டா? எனக்குத்தான் ஏற்கெனவே வீங்கியிருக்கே. ஒரு வீட்டுக்கு ஒரு வயிறு போதும்."

அதற்கு மூப்பரே சிரித்துவிட்டார். நான் அழுதேன். டோர்ச்சே இரண்டும் செய்யவில்லை.

பிறகு நத்தா தட்டைப் பார்த்தபடி, "நானும் ஒண்ணு சொல்லிடுறேன். ஜூனுக்கு முன்னாடி காணாமப் போனதுல பாதி நான் எடுத்ததுதான். அப்பா நட்ட மரம்தானேன்னு எடுத்தேன். சாசி போட்டப்புறம் தொடல" என்றான்.

டோர்ச்சே அவனைப் பார்த்த பார்வையில் அவளுக்கும் இது செய்தி என்று தெரிந்தது. ஆக நான் சந்தேகப்பட்டது பாதி சரி. அந்த நேரத்திலும் அதில் ஒரு துளி சந்தோஷம் வந்தது எனக்கு. வெட்கங்கெட்ட மனசு.

மூப்பர் ஜெபம் பண்ணினார், சுருக்கமாக. சமாதானத்துக்கு அடையாளமாக ஒரே கோப்பைத் தண்ணீரை எல்லோரும் மாறி மாறிக் குடித்தோம். டோர்ச்சே கடைசியாகக் குடித்தாள், நான் வாய் வைத்த பக்கத்தைத் திருப்பிவிட்டு.

அக்டோபர் 7, ஞாயிறு

சாசியை மீறியவர் சாசி திறக்கும்வரை மேசைக்குப் போகக்கூடாது. அதனால் திருவிருந்துக்கு உடுத்தும் கறுப்பு உடுப்பு பெட்டியிலேயே இருக்கிறது. பூப்போட்ட பாவாடையோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். போதகர் என் பெயரைச் சொன்னதும் எழுந்து நின்று, எடுத்தது நான்தான், என் தம்பி இல்லை என்று சொன்னேன். கிணற்றடியில் வாளியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தவர்கள் எல்லோரும் தங்கள் பாட்டுப் புத்தகத்தையே பார்த்தார்கள்.

நத்தா கறுப்புக் கோட்டில் வந்திருந்தான். பொத்தான் போடவில்லை. நீள மேசையில் முதல் வரிசை. அப்பத்தை வாங்கி வாயில் வைத்ததைப் பார்த்தேன். பல மாதத்துக்குப் பிறகு எனக்கு ஜெபம் வந்தது. வார்த்தை எதுவும் இல்லை, ஆனால் ஜெபம்தான்.

முடிந்ததும் தன் இடத்துக்குப் போகாமல் மெதுவாக நடந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"ரொட்டி காஞ்சு போயிருந்துச்சுக்கா. உனக்கு ஒண்ணும் நஷ்டமில்ல."

அக்டோபர் 19, வெள்ளி

காலையில் இரண்டாம் அடியில் சேர்ந்தான். குரல் இல்லை, மூச்சுதான். பலகையில் காதை வைத்தால் கேட்கும். வைத்தேன்.

டோர்ச்சேயிடமிருந்து ஒரு வார்த்தையும் இல்லை. நியாயம்தான்.

நவம்பர் 21, புதன்

நத்தா விடிகாலையில் போய்விட்டான்.

நவம்பர் 24, சனி

நேற்று அடக்கம். இன்று வந்தவர்களின் பாத்திரங்களைக் கழுவித் திருப்பிக் கொடுத்தோம். டோர்ச்சேயும் நானும் ஓடைக்கரையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் தேய்த்தோம். அவள் பேசியது ஒரே ஒரு வாக்கியம். "அந்தப் பானைல இன்னும் கரி இருக்கு."

அவன் போனது என் தேங்காயாலா, ஈரலாலா? போதகரைக் கேட்டேன். ஈரல்தான் என்றார். புத்தி நம்புகிறது. ஐந்து மணிக்கு எழுந்தால் நம்ப முடிவதில்லை. பாட்டும் வரவில்லை. அதிகாரம் மட்டும் வாசிக்கிறேன்.

டிசம்பர் 16, ஞாயிறு

சாசி திறந்தாயிற்று. நாளை ஆள் ஏறிப் பறிப்பான். டோர்ச்சேயின் வாசலில் போய் நின்று, பாதிக் காய் உனக்கு, வருஷா வருஷம், அப்பா நட்டதுதானே என்றேன்.

"பெரிய காயாப் பாத்து உங்களுக்கு எடுத்துக்கிட்டு, குட்டைய எனக்குத் தள்ளிடாதீங்க" என்றாள்.

டிசம்பர் 23, ஞாயிறு

இன்று திருவிருந்து. கறுப்பு உடுப்பை எடுத்து ஆணியில் தொங்கவிட்டிருக்கிறேன். ஒரு மாதத்துக்குப் பிறகு ஐந்து மணிக்குப் பாட்டு ஆரம்பித்தேன். முதல் அடி முடிந்ததும் பழக்கத்தில் நிறுத்திவிட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் அமைதி. சரி, தொடரலாம் என்று மூச்சு வாங்கும்போது டோர்ச்சே ஆரம்பித்தாள். சுருதியே இல்லை. அவளுக்கு ஒருநாளும் பாட வராது. நடுவில் தப்பிப் போய் மூன்றாம் அடியை இரண்டாவதாகப் பாடினாள்.

பாட்டு முடிந்தது. நான் முதலிலிருந்து இன்னொரு தடவை ஆரம்பித்தேன், அவள் பிடித்துக்கொள்ளட்டும் என்று மெதுவாக.