வெற்றிலை வாங்கிய வோட்டுகள்

ஸ்ரீவில்லிபுத்தூர், 1935

செப்டம்பர் 3
காலைத் தூறலுக்கே அடுப்படியில் மூன்று இடத்தில் சட்டி வைத்தாயிற்று. ஓடு மாற்றச் சொல்லி மூன்று வருஷமாகக் கேட்கிறேன். இன்று வீட்டுக்காரர் தனுஷ்கோடி அண்ணாச்சி தானாகவே வந்தார். வார்டு தேர்தலில் நிற்கிறாராம். "வாத்தியாரே, வீடு வீடாப் போயி எனக்கு எம்புட்டு வோட்டு விழும்னு எண்ணிச் சொல்லும். நல்லா வந்தா ஓடு மாத்திருவோம்." நல்லா வருவது என் கையிலா இருக்கிறது?

செப்டம்பர் 7
எண்ணும் முறையும் அவர் சொன்னதுதான். வெற்றிலைத் தட்டை நீட்ட வேண்டும். வாங்கினால் அவர் வோட்டு, மறுத்தால் எதிராளி முத்துவீரனின் வோட்டு. மொத்தம் 230-ல் 212 பேர் வாங்கினார்கள். மறுத்ததில் ஒருவர் முத்துவீரன். மற்ற பதினேழு பேருக்குப் பல் இல்லை.

செப்டம்பர் 8
பட்டியலைப் பார்த்து என் மனைவி தேவகிருபை சிரிக்கிறாள். "வாசல் தேடி வந்த வெத்தலைய யாரு வேண்டாம்பா? முத்துவீரனோட மாமனார் பேருகூட இருக்குல்லா."

இருக்கிறது. இரண்டு தடவை வாங்கினார் அந்த மனுஷன்.

செப்டம்பர் 9
சொல்லிவிடலாமா? சொன்னால் ஓடு போகும். சொல்லாவிட்டால் அண்ணாச்சி ஏமாந்து போவார் — பாவம்தானே? தேவகிருபை தீர்ப்புச் சொல்லிவிட்டாள்: "ஐப்பசி வருது. மொதல்ல ஓடு ஏறட்டும். பொறவு உண்மையச் சொல்லுங்க."

செப்டம்பர் 12
212 என்று கொடுத்தேன். அண்ணாச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. "சனங்களுக்கு எம்மேல இம்புட்டுப் பிரியமா, வாத்தியாரே."

செப்டம்பர் 20
ஓடு ஏறிவிட்டது. முத்துவீரன் தெருத்தெருவாக அலைகிறார். அண்ணாச்சியோ, "அதான் கணக்கு இருக்கே" என்று வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறார். உண்மையைச் சொல்லத்தான் போனேன். காப்பி கொடுத்தார். குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அக்டோபர் 5
தேர்தல் முடிந்தது. அண்ணாச்சிக்கு 14.

அக்டோபர் 6
கூப்பிட்டு அனுப்பினார். வீட்டைக் காலி பண்ணச் சொல்வார் என்று நினைத்துத்தான் போனேன். "போடாதவன் கெடக்கான். அந்தப் பதினாலு பேரு யாருன்னு கேட்டு எழுதிட்டு வாரும். அவியளுக்கு நம்ம வீட்டுல கறி விருந்து" என்றார்.

அக்டோபர் 10
போன வீட்டிலெல்லாம் "நாந்தான் போட்டேன்" என்கிறார்கள். முத்துவீரனின் மாமனார் ஆண்டாள் மேல் சத்தியமே பண்ணிவிட்டார். ஆக மொத்தம் 229 பேர். பாக்கி ஒருவர் முத்துவீரன். அண்ணாச்சி பட்டியலை வாசித்துவிட்டு, தேர்தலில் வோட்டு எண்ணின அதிகாரிக்குத்தான் எண்ணத் தெரியவில்லை என்று தேறிவிட்டார். நாளை ஆறு கிடா அடிக்கிறார்கள்.

பட்டியலில் என் பெயரும் இருக்கிறது. நான் போட்டது முத்துவீரனுக்கு.