காக்கா ஒளித்து வைத்த சுவிட்ச்

2009 ஒக்டோபர் 11, ஞாயிறு

உழவு மெசினை இனித் தள்ளி ஸ்டார்ட் பண்ணுவதில்லை என்று இன்று சுபஹுத் தொழுகைக்குப் பிறகு முடிவெடுத்தேன். யுத்தங்கள் இதைவிடக் குறைந்த ஆலோசனையோடு தொடங்கியிருக்கின்றன.

காக்காவை, என் மூத்த சகோதரரை, சுனாமி கொண்டுபோன நாளிலிருந்து, ஐந்து வருடமாக ஆறு பேர் தள்ளித்தான் அது வயலுக்குப் போகிறது. இப்போது தள்ள ஆளில்லை. மதினி அதைச் சம்மாந்துறைக்காரர் ஒருவருக்கு விற்கப் பேசிவிட்டார். நாளை வந்து கொண்டுபோவார்.

வயரிங் வேலை செய்யும் ரபீக் வந்தான்; பள்ளியில் என்னிடம் படித்தவன். பெட்டரி நல்லது, லைட் எரிகிறது, ஸ்டார்ட்டரில் மட்டும் சத்தமே இல்லை. வயரைப் பிடித்துக்கொண்டே போனவன் சீட்டுக்கு அடியில், சைக்கிள் டியூப் சுற்றிய ஒரு சுவிட்சைக் கண்டான்.

"ஆர் சேர் இத வெச்ச?"

யுத்த காலத்தில் ஆட்கள் ஆயுதத்தோடு வந்து மெசின் கேட்டபோது காக்கா வைத்தது. "ஆரும் கொண்டுபோகாம ஒரு வேல செஞ்சிரிக்கன்" என்று ஒருநாள் சிரித்தார். என்ன வேலை என்று கேட்டேன். "ஒனக்குச் சொன்னா பள்ளிக்கூடத்துக்கே சொன்ன மாதிரி" என்றார். யாரும் கொண்டுபோகவில்லைதான். நாங்கள் இரண்டு பெட்டரியும் ஒரு ஸ்டார்ட்டரும் புதிதாக வாங்கினோம்.

"ஓஃப்ல கிடக்கு சேர், அதான் ஸ்டார்ட்டருக்குக் கரண்ட் போகல்ல. வேற பழுது ஒண்டும் இல்ல."

கடைசியாக அதைத் தொட்டது காக்காவின் விரல். பொறு என்று நான் சொல்வதற்குள் ரபீக் அதைத் தட்டி, சாவியைத் திருப்பிவிட்டான்.

காக்கா விடியலில் எழுப்பும் அதே சத்தத்தோடு மெசின் ஸ்டார்ட் ஆனது. மதினி அடுப்படியிலிருந்து ஓடி வந்து, அதை நிறுத்தும் வரை வாசலில் நின்றார். பிறகு சம்மாந்துறைக்காரரிடம் வர வேண்டாம் என்று தொலைபேசியில் சொன்னார்.