வளைவில் நிற்கும் எஞ்சின்

கட்டிலில் குறட்டை விடும் கணவனை எழுப்பினால் நேற்றைய சண்டை மறுபடி தொடங்கும். அதனால் கடைக்குக் கிளம்பிய தையல்காரி, பொம்மை ரயில் வந்த அட்டைப்பெட்டியின் மூடியைக் கிழித்து எழுதினாள்:

"சாப்பாடு அடுப்பு மேல மூடி வச்சிருக்கேன். மேசையில வைக்க முடியாது, அங்க உங்க ஸ்டேஷன் இருக்கு. வெளியே போனா சாவியைப் பக்கத்து வீட்டு அக்காகிட்ட குடுங்க.

எஞ்சின் விலை ஒரே வருஷத்துல ரெண்டு மடங்கு ஏறிடுச்சாம். நகம் அளவு பெஞ்சுக்குக் குடுத்த காசுல நிஜ நாற்காலியே வந்திருக்கும், உட்காரவும் செஞ்சிருக்கலாம். பழைய எஞ்சின் வளைவுல நிக்குது, மோட்டார் போச்சுன்னு பெரிய நிபுணர் மாதிரி சொல்லிப் புதுசுக்கு ஆர்டரும் போட்டாச்சு. மதியம் பார்சல் வருது. நான் வாயைத் திறந்தா ரசனை கெட்டவ."

வாசல் வரை போனவள் திரும்பி வந்து, அட்டையின் ஓரத்தில் நெருக்கி எழுதினாள்:

"மோட்டார் போகலை. காலையில எஞ்சினைத் திருப்பிப் பார்த்தேன், நிபுணர் அதைக்கூடச் செய்யலை. சக்கரத்துல என் நீல நூல் சுத்தியிருந்தது. மேசை பூரா தண்டவாளம் போட்டா நான் தைக்கிற நூல் வேற எங்க விழும்? ஊசியால எடுத்துட்டேன். பார்சலைப் பிரிக்காம திருப்பி அனுப்புங்க."

இடமே இல்லாத அடி மூலையில், கடுகளவு எழுத்தில்:

"இப்ப வளைவுல நிக்கலை. ஏழு சுத்து ஓட்டினேன். முதல் சுத்து சோதனைக்கு. மீதி ஆறைப் பத்திப் பேச்சே எடுக்காதீங்க."