வாயில் ஒரு துண்டு ஐஸ்

இன்று காலையில் உன் பலகையை நிமிர்த்திவிட்டார்கள்.

நீ போனதிலிருந்து அது என் பக்கத்தில் கவிழ்ந்தே கிடந்தது. நம் திருவொற்றியூர் மார்க்கெட்டு வழக்கம் உனக்குத் தெரியாததா? ஒருத்தி வரவில்லை என்றால் அவள் மீன் பரப்புகிற பலகையைக் கவிழ்த்து வைப்போம். கவிழ்த்த பலகை மேல் வேறு யாரும் கூடைகூட வைக்க மாட்டார்கள். உனக்கு உடம்பு முடியாமல் போன நாளிலிருந்து எத்தனை தடவை அதைக் கவிழ்த்தேன், எத்தனை தடவை நிமிர்த்தினேன்! இந்தத் தடவை நிமிர்த்தியது நான் இல்லை. காசிமேட்டிலிருந்து புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாள். சின்ன வயசு. தண்ணீர் ஊற்றித் தேய்த்துக் கழுவி, சங்கரா மீனைப் பரப்பிவிட்டாள். மூன்று மாசம் சண்டை போட்டு இடத்தைப் பிடித்து வைத்திருந்தேன், இனி எந்த முகத்தோடு சண்டை போடுவது?

கொஞ்ச நேரத்தில் மீன்பாடி வண்டியில் ஐஸ் வந்தது. ஐஸ் பாரைக் கட்டையால் உடைத்தபோது ஒரு துண்டு தெறித்து உன் பலகையில் போய் விழுந்தது. அது கரைந்து தண்ணீராகிற வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். மார்க்கெட்டில் எல்லோருக்கும் மனு எழுதிக் கொடுக்கிறவள் நான்தானே. "பத்தாவது படிச்ச திமிரு உனுக்கு" என்பாய். அந்தத் திமிரில்தான் எழுதுகிறேன், படித்துக்கொள்.

எண்ணூர் பஸ்ஸில் வந்து இறங்குவாய். நெட்டுக்குப்பத்து ஆற்று இறாலை அன்னக்கூடையில் தூக்கிக்கொண்டு, மேடு ஏறி, என்னைப் பார்த்ததும் "இன்னாமே, போணி ஆச்சா?" என்பாய். உனக்கும் எனக்கும் இடையில் இரண்டடி இடைவெளிகூட இருக்காது. பதினெட்டு வருஷம் அப்படி உட்கார்ந்திருக்கிறோம். உன் வீட்டுக்காரர் போனதை, உன் மகள் வயசுக்கு வந்ததை, அவளுக்கு மணலிக் கம்பெனியில் வேலை கிடைத்ததை எல்லாம் உன் வீட்டார் அறிவதற்கு முன்னால் நான் அறிந்தேன். இதை மட்டும் அறியவில்லை.

நீ ஐஸ் தின்ன ஆரம்பித்தது எப்போது என்று எத்தனை யோசித்தும் பிடிபடவில்லை. வண்டி வந்ததும் புதுப் பாரில் ஒரு மூலையை உடைத்து, கழுவி, வாயில் போட்டுக்கொள்வாய். அது கரைவதற்குள் இன்னொன்று. கடக்கு கடக்கு என்று நீ கடிக்கிற சத்தத்தில் எனக்குப் பல் கூசும். "இறாலுக்குப் போடு மே, எல்லாத்தையும் நீயே துன்னுட்டா அது நாறிப் பூடும்" என்று கத்துவேன். "சூடுமே, அவ்ளோதான்" என்று சிரிப்பாய். ஐஸோடு வேலை செய்கிற எல்லோரும் ஒரு துண்டை வாயில் போடுகிறவர்கள்தானே? நானும் போட்டிருக்கிறேன். வேறு எந்தத் தொழிலில் இருந்திருந்தாலும், ஒரு பொம்பளை நாளெல்லாம் ஐஸ் கடித்தால் யாராவது ஒருத்தர் என்னவென்று கேட்டிருப்பார்கள். இங்கே யார் கேட்பது?

நீ பஸ் ஸ்டாண்டில் மயங்கி விழுந்த அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ரத்தத்தைப் பரிசோதித்துவிட்டு வந்த டாக்டரம்மா, உன் மகள் வயசுதான் இருக்கும், உன்னிடம் கேட்டாள். "அம்மா, உங்களுக்கு மண்ணு, சாம்பல், பச்சரிசி, ஐஸ் இந்த மாதிரி ஏதாவது சாப்பிடணும்னு தோணுதா?" நீ வெட்கப்பட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாய். நான்தான் "ஐஸு" என்றேன். எவ்வளவு நாளாக என்று கேட்டாள். "ஒரு வருஷம் இருக்கும்" என்றேன். அந்தப் பெண் பேனாவை மூடிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். ரத்தத்தில் இரும்புச் சத்து வற்றிப்போனால் சிலருக்கு அப்படித் தோன்றுமாம். ரத்தம் எங்கே போகிறது என்று தேடித்தான் குடலில் இருந்த கட்டியைக் கண்டுபிடித்தார்கள். கட்டி உள்ளுக்குள்ளேயே கசிந்துகொண்டு இருந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து நான் சோறு தின்னவில்லை. நாள் முழுக்க நாம் என்ன செய்கிறோம்? மீனின் செவுளைத் தூக்கிக் காட்டுகிறோம். சிவந்திருந்தால் புதுசு, வெளுத்திருந்தால் பழசு. கண் தெரியாத கிழவிகூட நம்மிடம் செவுள் பார்க்காமல் வாங்க மாட்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நாளுக்கு நாள் வெளுத்துக்கொண்டு போனது என் கண்ணுக்குத் தெரியவில்லை. கண்ணா அது?

ஆபரேஷன் முடிந்து கீமோ போட ஆரம்பித்தார்கள். கட்டியை விட அந்தக் களைப்புதான் உன்னைத் தின்றது. ரத்தம் ஊறுகிற இடத்தையே அந்த மருந்து அடித்துப் போட்டுவிடும் என்று சொன்னார்கள். சோற்றுப் பானையை இறக்கி வைத்துவிட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்துவிடுவாய். தலை சீவும்போது பாதியில் கை இறங்கிவிடும். சீவுவதற்கு முடியும் அவ்வளவாக இல்லை, அது வேறு விஷயம். நான் வருகிறபோதெல்லாம் படுத்தே கிடப்பாய். ஒரு நாள் வயிறெரிந்து கத்தினேன். "எழுந்து நாலு தப்படி நடந்தா இன்னா? படுத்துகினே இருந்தா ஒடம்பு எப்டி தேறும்?" நீ சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு மெதுவாகச் சொன்னாய். "தூக்கம் இல்லமே இது. தண்ணிக்குள்ள நடக்குற மாறி கீது." அன்றைக்கு நான் பேசியதற்கு இன்றைக்கும் என் நாக்கு சுடுகிறது.

ரத்த அளவு ஏறினால்தான் அடுத்த கீமோ. அளவு குறைந்தால் ஏற்ற வேண்டும், அதற்கு ஆள் கூட்டி வாருங்கள் என்றார்கள். மார்க்கெட்டில் ஒவ்வொரு பலகையாகப் போய் நின்றேன். முதல் தடவை எட்டுப் பேர் வந்தார்கள். இரண்டாவது தடவை மூன்று பேர், அதில் இருவர் முந்தின நாள் குடித்திருந்தார்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. இவர்கள் என்ன கொடுப்பது, நான் கொடுக்கிறேன் என்று சேலையை வரிந்துகொண்டு போனேன். என் உடம்பைப் பார்த்தால் யாருக்குத்தான் சந்தேகம் வரும்? ஐம்பது கிலோ கூடையை ஒற்றை ஆளாகத் தூக்குகிறவள். விரலில் குத்தி ஒரு சொட்டு எடுத்துப் பார்த்த நர்ஸம்மா சிரித்துவிட்டாள். "உங்களுக்கே ரத்த அளவு ஒன்பதுதாம்மா இருக்கு. நீங்க எங்க அடுத்தவங்களுக்குக் குடுக்கறது? முதல்ல நீங்க டாக்டரைப் பாருங்க." கையில் ஒரு அட்டை மாத்திரையைத் திணித்து அனுப்பினாள்.

வார்டுக்கு வந்து உன்னிடம் சொன்னதும் நீ விழுந்து விழுந்து சிரித்தாய். அவ்வளவு சிரிக்க உனக்குத் தெம்பு எங்கிருந்து வந்ததோ. "அடிப்பாவி, நீயும் காலிப் பானைதானா? இத்தினி நாளு சத்தம் மட்டும்தானா?" மூச்சு வாங்கியது, ஆனாலும் சிரித்தாய். கட்டிலைப் பிடித்துக்கொண்டு நானும் சிரித்தேன். அந்த வார்டில் நாம் சிரித்தது அது ஒரு முறைதான்.

கீமோ முடிந்தது. முடிந்தால் எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் நானும் உன் மகளும் நினைத்தோம். ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றார்கள், கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தோம். களைப்பு மட்டும் போகவில்லை. ரத்தம் மெதுவாகத்தான் ஊறும், மாசக்கணக்கில் ஆகும் என்று டாக்டரம்மா சொன்னாள். நமக்கு ஏது பொறுமை? பாய் கடையில் சொல்லிவைத்து ஆட்டுச் சுவரொட்டி வாங்கி வருவேன். ரத்தம் ஊற அதைவிட ஒன்று இல்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள் அல்லவா, மிளகு தூக்கலாகப் போட்டு வறுத்துக் கொடுப்பேன். உனக்கு அந்த வாடையே ஆகவில்லை. எல்லாம் துரு மாதிரி ருசிக்கிறது என்பாய். மூக்கைப் பிடித்துக்கொண்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு விழுங்குவாய். முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், டாக்டரம்மா கொடுத்த மாத்திரை, நரம்பில் ஏற்றிய மருந்து. எது வேலை செய்ததோ, தை மாசத்தில் நீ மறுபடி மார்க்கெட்டுக்கு வந்தாய். நான்தான் பலகையை நிமிர்த்திக் கழுவி வைத்தேன்.

அப்புறம் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். தினமும் நீ வந்து உட்கார்ந்ததும் உன் கண்ணின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்ப்பேன். உள்ளே சிவப்பு தெரிகிறதா என்று. "செவுள் பாத்தாச்சா? புதுசா, பழசா?" என்பாய். "இன்னைக்குப் பிடிச்சது" என்பேன். வாங்க வந்தவர்கள் நம்மைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். அந்த மூன்று நாலு மாசம்தான், நெஞ்சில் கை வைத்துச் சொல்கிறேன், நான் நிம்மதியாக வியாபாரம் செய்தது.

சித்திரை வெயில் உச்சத்தில் இருந்தது. நான் ஒரு அம்மாவுக்கு வஞ்சிரம் வெட்டிக்கொண்டிருந்தேன். என் முதுகுக்குப் பின்னால் அந்தச் சத்தம் கேட்டது. கடக்கு. அருவாமனையிலிருந்து கை எடுக்காமல் அப்படியே இருந்தேன். இன்னொரு தடவை கேட்டது. திரும்பிப் பார்த்தேன். வாயில் இருந்ததை நீ கன்னத்துக்குள் ஒதுக்கினாய்.

"இன்னாது வாயில?"

"சூடுமே, அவ்ளோதான்."

கண்ணைக் காட்டு என்று கையை நீட்டினேன். நீ என் கையைத் தட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாய். பதினெட்டு வருஷத்தில் என் கையை நீ தட்டிவிட்டது அன்றைக்குத்தான். பிற்பாடு, கூட்டம் குறைந்ததும் நீயே பேசினாய். "எனுக்குத் தெரியும். பத்து நாளா தின்னுகினு கீறேன். வூட்ல சொல்லிடாத. மறுபடியும் ரத்தத்துக்கு ஆளு இட்டாரச் சொல்லுவாங்கோ. பொண்ணு லீவு போட்டுகினு ஒவ்வொருத்தன் கைலயும் கால்லயும் விழும். நான் அந்தக் கட்டில்ல படுத்துகினு யாரு வருவாங்கோன்னு வாசலையே பாத்துகினு கெடக்கணும். என்னால முடியாதுமே. வேணாம்."

நான் உன் மகளிடம் ஓடியிருக்க வேண்டும். உன் தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். ஊர் நியாயத்துக்கெல்லாம் முதல் ஆளாக நிற்கிறவள் நான், கவுன்சிலரையே விரல் நீட்டிக் கேள்வி கேட்டவள். உன் முகத்தைப் பார்த்ததும் சரி என்றேன். அடுத்த வாரம் சொல்லலாம், அதற்கடுத்த வாரம் சொல்லலாம் என்று தள்ளினேன். அந்த மாசம் நீ போக வேண்டிய பரிசோதனைக்கும் போகவில்லை. போய்விட்டு வந்தேன் என்று மகளிடம் சொன்னாய், நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். ஆடி மாசம் கூழ் ஊற்றிய அன்றைக்குப் படியேற முடியாமல் பாதியில் உட்கார்ந்தாய். அதோடு சரி. கட்டி ஈரல் வரைக்கும் போயிருந்தது.

"கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா கொஞ்சம் பாத்திருக்கலாம்" என்று டாக்டரம்மா உன் மகளிடம் சொன்னபோது நான் தூணைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றிருந்தேன். அந்தக் கொஞ்சம் எவ்வளவு? ஒரு வருஷமா, ஒரு மாசமா? கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஒரு வாரமாக இருந்தாலும் அது உன் மகளுடைய வாரம். அதை நான் எடுத்துக்கொண்டேன்.

உன் மகள் இன்னும் ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைப் பார்க்க வருகிறாள். "அம்மாவை உங்க அளவுக்கு யாரும் பாத்துக்கல அத்தை" என்று சொல்லி அழுகிறாள். நான் அவள் தலையைத் தடவிக் கொடுக்கிறேன். சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு ஞாயிறும் நினைக்கிறேன். சொன்னால் அவளுக்கு நானும் இல்லாமல் போவேன். நீதான் சொல்லாதே என்றாய் என்று உன் மேல் பழியைப் போடலாம். செத்தவள் மேல் போட்டு நான் தப்பிப்பதா? அது வேண்டாம்.

அந்த நர்ஸம்மா கொடுத்த மாத்திரை அட்டை என் சுருக்குப் பையில் அப்படியே கிடக்கிறது. ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை. டாக்டரையும் பார்க்கவில்லை. அன்றைக்கு உனக்கு ஓடின ஓட்டத்தில் நேரமில்லை, இப்போது மனசில்லை. மேடு ஏறும்போது நெஞ்சு படபடக்கிறது. கண்ணாடியில் இமையை இழுத்துப் பார்த்தேன். வாங்குகிறவர்களாக இருந்தால் வேண்டாம் என்று போய்விடுவார்கள்.

காலையில் உன் பலகையில் விழுந்த துண்டு கரைந்து போன பிறகு, பாரிலிருந்து இன்னொன்றை உடைத்து வாயில் போட்டுக்கொண்டேன். பொய் சொல்வானேன், அது இன்றைக்கு நாலாவது. புரட்டாசியிலிருந்து இப்படித்தான். சத்தம் கேட்டுப் புதுப் பெண் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னாக்கா, எந்நேரமும் ஐஸையே கடிச்சிகினு கீறீங்கோ?"

"சூடும்மா, அவ்ளோதான்" என்றேன்.

அவள் நம்பிவிட்டாள், தண்ணீரை அள்ளி மீன் மேல் தெளிக்க ஆரம்பித்தாள். சித்திரையில் நீ சொன்னபோது நான் நம்பவில்லை மே. நம்பாமல்தான் சும்மா இருந்தேன்.